கோழி வீட்டில், காவல் மன்றத்தில்

(தருமபுரியில் இளைஞர் மன்றப் பொறுப்பாளர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் மாவட்டத்தில் கோழி இல்லாத ஊர் கிடையாது. எந்த வாசலிலும் நாலு கோழி கிளறிக்கொண்டிருக்கும். அப்படியிருக்க, கோழி வளர்ப்பைக் கற்றுக்கொடுக்க ஒரு மன்றம் எதற்கு, அதற்கு ஒரு கூட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அரசு பல முறை குஞ்சுகள் கொடுத்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஆதரவற்ற பெண்களுக்கு நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வீதம் 50 விழுக்காடு மானியத்தில் கொடுத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் இப்படிக் குஞ்சு வாங்கிய வீடுகளில் ஆறு மாதம் கழித்துப் போய் விசாரித்துப் பாருங்கள். "நோவு வந்து எல்லாம் போயிருச்சுங்க, ஒண்ணு ரெண்டுதான் நின்னுச்சு" என்ற பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். அப்படிச் சொல்லும் அம்மாவுக்குக் கோழி வளர்க்கத் தெரியாமல் இல்லை. அவர் பாட்டி காலத்திலிருந்து வளர்க்கிறார். பத்துக் கோழியை வாசலில் விட்டு வளர்ப்பதற்கும், ஒரே நாளில் வந்து இறங்கிய 40 குஞ்சுகளைக் காப்பாற்றுவதற்கும் இடையில் ஒரு பெரிய வேலை இருக்கிறது. அந்த வேலையில் பாதியை ஒரு வீடு தனியாகச் செய்யவே முடியாது.

இன்று நான் உங்கள் முன் வைக்கும் கருத்து இதுதான். கோழியை அந்தந்த வீடு வளர்க்கட்டும். ஒரு வீட்டால் தனியே ஆகாத காரியங்களை மட்டும் மன்றம் எடுத்துக்கொள்ளட்டும். மன்றத்துக்கென்று பொதுக் கொட்டகை போட்டு ஐந்நூறு கோழி விடலாம் என்று யாராவது உற்சாகமாகப் பேசினால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். பொதுக் கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை யார் தண்ணீர் வைப்பது என்ற தகராறிலேயே பல நல்ல மன்றங்கள் கலைந்திருக்கின்றன.

ஒரு வீட்டால் ஆகாத காரியம் எது என்று கேட்பீர்கள். முதலில் வெள்ளைக்கழிச்சலை எடுத்துக்கொள்வோம். நேற்று வரை மேய்ந்த கோழி இன்று இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நிற்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். நாலைந்து நாளில் தெருவே காலியாகிவிடும். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் இது முதலில் அடையாளம் காணப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலை ஊரான ராணிக்கேத்தில் தெரியவந்ததால் நம் நாட்டில் ராணிக்கேத் நோய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இது நச்சுயிரியால் வருவது. வந்த பிறகு மருந்து கிடையாது. வருமுன் தடுக்க ஊசி இருக்கிறது. நம் மாநிலத்திலேயே, 1932-இல் தொடங்கப்பட்ட ராணிப்பேட்டை நிலையத்தில் கால்நடைத் தடுப்பு மருந்துகள் தயாராகின்றன. ஊசி விலையும் குறைவு. அரசு முகாமில் இலவசம். அப்படியானால் ஊர்க் கோழி ஏன் சாகிறது?

மருந்துக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் விடை தெரியும். அது உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கிய மருந்து. பெரும்பாலும் நூறு, இருநூறு கோழிகளுக்கு என்ற அளவில்தான் குப்பி வரும். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்; மிச்சம் நாளைக்கு ஆகாது. இப்போது கணக்குப் போடுங்கள். எட்டுக் கோழி வைத்திருக்கும் ஓர் அம்மா, இருநூறு கோழிக்கான குப்பியைப் பனிக்கட்டியோடு வாங்கி வந்து, எட்டுக்குப் போட்டுவிட்டு மீதியைக் கொட்ட வேண்டும். யாரும் செய்யமாட்டார்கள். செய்யாதது அவர்கள் குற்றமும் ஆகாது. அந்தக் குப்பி பெரிய பண்ணைக்காக அளக்கப்பட்டது. ஆனால் இருபது பேர் கொண்ட மன்றத்தில் ஆளுக்கு எட்டுக் கோழி என்றால் 160 ஆகிறது. பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்தால் ஒரு குப்பி வீணாகாமல் முடியும். சிதறிக் கிடக்கும் எட்டு எட்டுக் கோழிகளை ஒரே காலையில் 160 கோழியாக ஆக்குவதற்குத்தான் மன்றம் வேண்டும். வேறு எந்த நன்மையும் இல்லாமல் இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் மன்றம் தன் கடமையைச் செய்துவிட்டது என்பேன்.

வங்காள தேசத்தில் இதைச் செய்து காட்டினார்கள். 1972-இல் தொடங்கப்பட்ட பிராக் என்ற தொண்டு நிறுவனம், பின்னாளில் ஊருக்கு ஊர் பெண்களைத் தேர்ந்து தடுப்பூசி போடப் பழக்கியது. அவர்கள் விடிவதற்கு முன், கோழிகளைக் கூட்டிலிருந்து திறந்து விடுவதற்குள், வீடு வீடாகப் போய்ப் போட்டு முடிப்பார்கள். கோழிக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் ஊர்க்காரர்களே கண்ணில் ஒரு சொட்டு விடும் முறையைப் பழகி, நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஊர் முழுவதும் விடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. நம் பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படிப்பவர்கள் அல்லது முடித்தவர்கள். அவர்களால் முடியாதா?

தடுப்பூசி நாளை மன்றத்தின் திருநாளாக ஆக்குங்கள். முந்தைய நாள் மாலையே வீடு வீடாகப் போய், "நாளைக்குக் காலையில கூட்டைத் திறக்காதீங்க அக்கா" என்று சொல்லி வர ஒருவர். பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்க ஒருவர். கோழியைப் பிடித்துக் கொடுக்க இருவர். எண்ணிக்கை எழுத ஒருவர். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நான்காவது வாரத்தில் இன்னொரு முறை. எட்டு வாரம் தாண்டியதற்கு இறக்கையின் அடியில் ஊசி. சொட்டு மருந்தைப் பிள்ளைகளே விடலாம். ஊசியை மட்டும் கால்நடை மருத்துவரோ ஆய்வாளரோ பக்கத்தில் இருக்கும்போது பழகட்டும். ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, பத்து நாளுக்கு மேல் ஆகும். நோய் ஊருக்குள் நுழைந்த பிறகு ஓடிப்போய்ப் போட்டுவிட்டு, "ஊசி போட்டுத்தான் செத்துச்சு" என்று பேசும் வழக்கம் இந்தக் கணக்கு தெரியாததால் வருவது. நம் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில், வெயில் ஏறுவதற்கு முன், இரண்டு வார முகாம் நடத்துவதற்குக் காரணமும் இதுதான்.

இப்போது, மன்றப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக நிற்கும் நம்மைப் பற்றி. இங்கே நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவரைச் சொல்ல வேண்டும். கே. டி. பால் 1876-இல் சேலத்தில் பிறந்தவர். அன்று தருமபுரியும் சேலம் மாவட்டம்தான். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறித்தவ இளைஞர் சங்கத்தின் முதல் இந்திய தேசியப் பொதுச்செயலாளர் அவர். நகரத்து இளைஞர்களோடு நின்றுவிடாமல் கிராமத்துக்குப் போக வேண்டும் என்று வற்புறுத்தி, கூட்டுறவுக் கடன், கைத்தொழில் என்று வேலையைத் தொடங்கினார். அந்த வழியில் 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒரு கிராமச் சீரமைப்பு மையம் எழுந்தது. அப்போது அது திருவிதாங்கூர். டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அதை நடத்தினார். மார்த்தாண்டம் தேன் என்றால் இன்றும் நமக்குத் தெரியும். அந்தத் தேனீ வளர்ப்பு பரவியதில் அந்த மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதே மையம் கோழி வளர்ப்பையும் கற்றுக்கொடுத்தது. நல்ல இனச் சேவல்களைக் கொண்டுவந்து ஊர்க் கோழியோடு கலக்கச் செய்தது. முட்டைகளைத் தரம் பார்த்துச் சேர்த்து விற்கக் கூட்டுறவு அமைப்பும் அங்கே வந்தது.

மார்த்தாண்டத்தில் நமக்கு வேண்டியது அங்கே இருந்த சேவலின் இனம் அல்ல, அவர்கள் பிடித்துக்கொண்ட கொள்கை. வேலையைச் செய்ய வேண்டியவர் கிராமத்தார். விவரம் தெரிந்தவர் எட்டி நிற்காமல் பக்கத்திலேயே இருந்து ஆலோசனை சொல்ல வேண்டும். இந்த இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பது எளிதில்லை. நம்மில் சிலர் பிள்ளைகளிடம் குஞ்சைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். வேறு சிலர் கூடு கட்டுவது முதல் விற்பது வரை எல்லாவற்றையும் நாமே செய்து, பிள்ளைகளைப் படம் எடுக்கும்போது மட்டும் முன்னால் நிறுத்துகிறோம். முதல் வகையில் குஞ்சு சாகிறது. இரண்டாம் வகையில் குஞ்சு பிழைக்கிறது, பிள்ளை ஒன்றும் கற்பதில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

ஆகவே முதல் மாதம் குஞ்சே கொடுக்காதீர்கள். அந்த மாதத்தில் பிள்ளைகள் ஊரைச் சுற்றட்டும். யார் வீட்டில் எத்தனை கோழி, இரவில் எங்கே அடைகிறது, போன வருடம் எத்தனை செத்தது, கீரி எந்தப் பக்கமிருந்து வருகிறது, பருந்து எந்த நேரத்தில் வட்டமிடுகிறது என்று கேட்டு எழுதட்டும். பாட்டிமார்களிடம் இருக்கும் விவரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிறகு ஒரு நாள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். வாய்ப்புள்ளவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும், ஓசூர் மத்திகிரியில் உள்ள கோழியின மேலாண்மைக் கல்லூரிக்கும் போய் வரலாம். கோழியைப் படிப்பாகவே படிக்க ஒரு கல்லூரி நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

கூடு தயாரான பிறகுதான் குஞ்சு. ஆளுக்குப் பத்து போதும். நாட்டு இனமா, வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனமா என்ற வாதத்தை முதல் ஆண்டில் வளர்க்க வேண்டாம்; ஊரில் விலை போகும் சிறுவிடையே போதும்.

முதல் நான்கு வாரம் எல்லாவற்றிலும் முக்கியம். நம் பக்கத்தில் மார்கழி, தை இரவுகள் எப்படிக் குளிரும் என்று உங்களுக்குத் தெரியும். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு நாம்தான் சூடு கொடுக்க வேண்டும். குஞ்சுக்கு இரண்டு வாட் என்ற கணக்கில் குண்டு பல்பு, சுற்றிலும் அட்டையாலோ தகரத்தாலோ ஒன்றரை அடி வளையம், கீழே கடலைத்தொலியோ தேங்காய் நார்த்தூளோ இரண்டு அங்குலம் பரப்பி அதன்மேல் முதல் சில நாட்களுக்குச் செய்தித்தாள். இவ்வளவுதான் புரூடிங் என்பது. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். வெப்பமானி வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வேன். குஞ்சைப் பார்க்கச் சொல்லுங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கீச்சிட்டால் குளிர்கிறது. பல்பை விட்டு விலகி வளையத்தின் ஓரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது. சீராகப் பரவி, சில தின்று, சில படுத்திருந்தால் சரி. இரவு பதினோரு மணிக்கு எழுந்து போய் இதைப் பார்த்து, பல்பை நான்கு விரல் உயர்த்திவிட்டு வந்து படுக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை, அந்த வாரத்தில் பள்ளிக்கூடம் ஒரு வருடத்தில் கற்றுத்தராத ஒன்றைக் கற்றுவிடுகிறான். வழிகாட்டி அங்கே, "பல்பை ஏத்து" என்று சொல்லக் கூடாது. "குஞ்சு எங்கே நிக்குது பாத்தியா தம்பி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

புரூடிங்கால் இன்னொரு பலன் உண்டு. நம் நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். 21 நாள் அடைகாத்து, பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சோடு திரியும். அந்தக் காலமெல்லாம் முட்டை கிடையாது. குஞ்சைப் பிரித்து நாம் சூடு கொடுத்து வளர்த்தால் தாய் சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும். பஞ்சாரத்துக்குள் நடப்பதைக் கணக்காகப் பார்க்கக் கற்ற பிள்ளைக்கு இது தானாக விளங்கும். அடைவைத்த ஏழாம் நாள் இரவில், கைப்பேசி விளக்கை முட்டைக்கு அடியில் பிடித்து, சிலந்திபோல் இரத்த நாளங்கள் பரவியிருப்பதைக் காட்டுங்கள். ஒன்றும் தெரியாத முட்டை கூமுட்டை, எடுத்துவிடலாம். உயிரியல் பாடத்தை வெறுக்கும் பிள்ளைகூட அன்று தூங்கமாட்டான்.

தீவனத்தில் நம் மாவட்டத்துக்குக் குறையில்லை. கேழ்வரகு, சாமைக் குருணை, கம்பு, உடைத்த சோளம் எல்லாம் வீட்டிலேயே உண்டு. ஆனால் குஞ்சுக்கு முதல் எட்டு வாரம் 20 விழுக்காடு அளவுக்குப் புரதம் வேண்டும். கேழ்வரகில் இருப்பது ஏழு விழுக்காடுதான். வெறும் கேழ்வரகில் வளர்ந்த குஞ்சு வயிறு நிறைந்தும் இளைத்துக் கிடப்பது இதனால்தான். கடலைப் புண்ணாக்கு, கரையான், முருங்கைக் கீரை, அசோலா சேர்த்தால் சரிக்கட்டலாம். பழைய பானையில் ஈரச் சாணமும் வைக்கோலும் திணித்துக் கரையான் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் நிறைந்திருக்கும். இது ஊர் அறிந்த உத்திதான். புண்ணாக்கு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்து நஞ்சு உண்டாகியிருந்தது. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அப்படித்தான். மழையில் நனைந்து பூசணம் பூத்த கடலையை, "கோழிக்குத்தானே" என்று எடுத்து வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகள் மூலம் வீடுகளில் நிறுத்துங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு. அமெரிக்காவில் 1902-இல் ஒஹையோ மாநிலத்துப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஏ. பி. கிரகாம் தொடங்கிய சிறுவர் உழவு மன்றங்கள்தான் பின்னாளில் ஃபோர்-எச் என்ற பேரியக்கமாக வளர்ந்தன. சோளம், தக்காளி, கோழி என்று பிள்ளைகள் எதை எடுத்தாலும் பதிவேடு எழுதுவது அங்கே வழக்கம். ஆனால் நோட்டு எழுதுவதற்கு நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் இந்த மாநிலத்தில் முதன்முதலாக 1989-இல் தொடங்கப்பட்டது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாக்கள் சேமிப்பு நோட்டும் தீர்மான நோட்டும் வைத்து வங்கியை வாசலுக்கு வரவழைத்த மாவட்டம் இது. அந்த அம்மாக்களின் பிள்ளைகள்தான், சில ஊர்களில் பேரப்பிள்ளைகள்தான், இன்று உங்கள் மன்றத்தில் இருக்கிறார்கள்.

நோட்டில் முட்டை, தீவனம், விற்பனை எல்லாம் வரட்டும். நான் முதலில் பார்ப்பது "செத்தது ஏன்" என்ற பத்தியை. "நோவு" என்று எழுதினால் ஏற்காதீர்கள். என்ன மாதிரிக் கழிந்தது, எத்தனை நாள் தின்னவில்லை, பக்கத்து வீட்டில் எப்போது வந்தது என்று எழுத வேண்டும். காரணம் தெரியாவிட்டால் செத்த கோழியை உடனே பையில் கட்டி கால்நடை மருந்தகத்துக்கோ மாவட்டத்துக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ எடுத்துப் போகட்டும். அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். செத்ததை ஏரியிலோ ரோட்டோரத்திலோ எறிவது நோயை அடுத்த ஊருக்கு அனுப்புவது. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், கை கழுவ வேண்டும். ஒரே நேரத்தில் கூட்டமாகச் செத்தால் மறைக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2006-இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நாடு முழுக்கக் கோழித் தொழில் எவ்வளவு அடிபட்டது என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அடுத்து நான் சொல்லப்போவதைத் தம்பிகள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். நம் வீடுகளில் மாடு அப்பாவுடையது, நிலம் அப்பாவுடையது. கோழி அம்மாவுடையது. முட்டை விற்ற காசு, விடைக்கோழி விற்ற காசு அம்மாவின் சிறுவாட்டுக் காசு. உங்கள் பள்ளிக்கூட நோட்டும், தங்கையின் கொலுசும், பேருந்துக் கட்டணமும் அதிலிருந்து வந்தவை. இளைஞர் மன்றம் என்று நாம் தொடங்கி, கோழியைப் பையனின் தொழிலாக மாற்றி, காசை அவன் சட்டைப் பைக்குக் கொண்டுபோனால், அந்த வீட்டில் ஒருவருக்கு இருந்த ஒரே சொந்த வருமானத்தைப் பறித்தவர்கள் ஆவோம். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆண்கள் கைக்கு மாறிய எந்தச் சிறு தொழிலையும் எடுத்துப் பாருங்கள், இதுதான் நடந்திருக்கும். அதனால் குஞ்சு வாங்குவதற்கு முன் அம்மாவோடு உட்கார்ந்து பேச வேண்டும். பழைய கோழிகளின் வருமானம் அம்மாவுடையதே. புதிதாக மன்றத்தால் வந்த பத்துக் குஞ்சில் எவ்வளவு யாருக்கு என்பதை வீட்டில் முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

மன்றத்தில் பெண் பிள்ளைகள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டமாக, 68.54 விழுக்காட்டில், நாம் நின்றோம். படிப்பு நின்று, இளம் வயதிலேயே திருமணம் என்று போகும் பெண் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். தன் பெயரில் பத்துக் கோழியும் ஒரு வங்கிக் கணக்கும் தடுப்பூசி போடத் தெரிந்த கையும் உள்ள பெண்ணை வீட்டில் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். கூட்டத்தை இருட்டிய பிறகு வைக்காதீர்கள். பெண் பிள்ளைகள் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, அவர்கள் வருவதில்லை என்று சொல்வது நியாயமில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது தேர்வு வரும் மாதங்களில் யார் யாருக்குப் பதிலாகத் தீவனம் வைப்பது என்பதையும் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

விற்பனைக்கு நம் நாட்காட்டி போதும். ஆடியில் அம்மனுக்கும், பதினெட்டாம் பெருக்குக்கும், முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டவர்களுக்கும் சேவல் வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கு அடுத்த நாளுக்கும் விலை ஏறும். புரட்டாசியில் சந்தை படுத்துவிடும். கார்த்திகையிலும் மாலை போட்டவர்களால் மந்தம். நாட்டுக்கோழி விற்கும் எடைக்கு வர நான்கு மாதமாவது பிடிக்கும் என்பதால், எந்த நாளில் விற்க வேண்டும் என்று தீர்மானித்துப் பின்னால் எண்ணிக் குஞ்சு விட வேண்டும். நல்லம்பள்ளி, காரிமங்கலம் சந்தைகளில் வியாபாரி கோழியைக் கையில் தூக்கிப் பார்த்துக் குத்துமதிப்பாக விலை சொல்வார். மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு தராசு வாங்குங்கள். எடை தெரிந்த பிள்ளையிடம் பேரம் வேறு விதமாக நடக்கும்.

மன்றத்துக்கு நல்ல பெயர் வந்த பிறகு ஆசை காட்டுபவர்கள் வருவார்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் சேமிப்பை இழந்தன என்பதைப் பிள்ளைகளிடம் விவரமாகச் சொல்லுங்கள். பணத்தைக் கட்டு, மாதாமாதம் இவ்வளவு தருகிறோம், பறவையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று பண்ணை நடத்தியவர்கள் சொன்னார்கள். அந்த இறைச்சியை யார் தின்கிறார்கள், எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டவர்கள் தப்பித்தார்கள். நாட்டுக்கோழியின் பெயராலும் அதே விளம்பரங்கள் வந்தன. சந்தையில் நீங்களே போய் விற்க முடியாத எதையும் வளர்க்காதீர்கள். மூன்று சுற்று வளர்த்து, நோட்டில் கணக்கும் நேராக இருக்கும் பிள்ளைக்கு மேலே போக வழி உண்டு. 250 கோழிகள் கொண்ட சிறு பண்ணைக்கு 50 விழுக்காடு மானியம் தரும் மாநிலத் திட்டம் வந்திருக்கிறது. தேசிய கால்நடை இயக்கத்தில் 1,000 தாய்க்கோழிகளும் குஞ்சு பொரிப்பகமும் வைப்பவருக்கு 25 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நோட்டு இல்லாத பிள்ளையை அந்தத் திட்டங்களுக்கு அழைத்துப் போகாதீர்கள், கடன்தான் மிஞ்சும்.

நம் இளைஞர்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். பத்துக் கோழி அதைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். போகிறவர்கள் போகட்டும். ஊரில் இருக்கும் காலத்தில் ஓர் உயிரைப் பொறுப்பேற்று வளர்த்து, கணக்கு எழுதி, நாலு வீட்டுக்குப் பயன்படும் ஒரு வேலையை முறையாகச் செய்து பார்த்தவர்களாகப் போகட்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஊருக்குத் திரும்பியதும் இந்த வாரத்திலேயே பிள்ளைகளைக் கூட்டி, உங்கள் ஊர்க் கோழிகளை வீடு வீடாக எண்ணுங்கள். குஞ்சு எத்தனை, பெட்டை எத்தனை, சேவல் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, மன்றத்தின் பெயர் போட்டு, ஜனவரி முடிவதற்குள் உங்கள் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். பிப்ரவரி முகாமுக்கு எத்தனை குப்பி உங்கள் ஊருக்கு வேண்டும் என்று அந்தத் தாள் சொல்லும்.